'பாஸ்டு அவுட்'னா செத்துப் போயிட்டான்னு அர்த்தமா டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. ஒரு டீயைக் கையில வெச்சுக்கிட்டு உட்காருங்க. ஆங்கிலம் பத்தித்தான் சொல்லப் போறேன். ஆனா இலக்கணப் பாடம் இல்லை, பயப்படாதீங்க.

2019, சித்திரை வெயில். புதுக்கோட்டை மாவட்டத்துல, அறந்தாங்கி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போ பணியில் இருந்தேன். ஓபி முடிஞ்சு சாப்பாட்டு டப்பாவைத் திறக்குற நேரம். வாசல்ல ஒரு டாடா ஏஸ் வந்து நின்னுச்சு. பின்னாடி பத்துப் பதினஞ்சு பேர். நடுவுல ஒரு அம்மா துவண்டு கிடக்குறாங்க. கூட வந்த பொம்பளைங்க எல்லாம் மாருல அடிச்சுக்கிட்டு அழுறாங்க.

அந்தம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு நினைச்சு ஓடினேன். நாடி பார்த்தா ஓடுது. மூச்சு இருக்கு. பிரஷர் கொஞ்சம் கம்மி, சர்க்கரை சரியா இருக்கு. கால் ரெண்டையும் தூக்கி வெச்சு, கூட்டத்தை விலக்கிக் காத்து வரவெச்சதும் ரெண்டு நிமிஷத்துல கண்ணைத் தொறந்தாங்க. தொறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் புள்ள எப்பய்யா வருவான்?"

அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு.

மூத்த பையன் சிங்கப்பூர்ல கட்டட வேலை. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து தென்னையை எல்லாம் சாய்ச்சுப் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கும் தோப்பு போச்சு. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிட்டு பையன் விமானம் ஏறி ரெண்டு மாசம்தான் ஆகுது. அன்னிக்குக் காலையில கம்பெனி ஆள் ஒருத்தர்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ். ஆங்கிலத்துல மூணு வரி.

'ஹி பாஸ்டு அவுட் அட் சைட். ரஷ்டு டு ஹாஸ்பிடல். வில் கால் பேக்.'

வீட்ல யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்ல பாலிடெக்னிக் முடிச்ச ஒரு தம்பி. அவன்கிட்ட போனைக் குடுத்திருக்காங்க. இங்கதான் கொஞ்சம் நில்லுங்க. அந்தத் தம்பிக்கு 'பாஸ்டு அவுட்' தெரியாத வார்த்தை இல்லை. அவன் பயோடேட்டாவுலயே இருக்கு. 2017 பாஸ்டு அவுட். நம்ம ஊர்ல காலேஜ் முடிச்ச எல்லாருமே பாஸ்டு அவுட் தானே?

ஆனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதா அடுத்த வரியில இருக்கு. பரீட்சை பாஸ் பண்ணினவனை எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்? யோசிச்சிருக்கான். பாஸ்னா போறது. அவுட்னா வெளிய. பேஸ்புக்ல கண்ணீர் அஞ்சலி போஸ்ட்ல எல்லாம் 'பாஸ்டு அவே'ன்னு பார்த்திருக்கான். உயிர் வெளிய போயிருச்சு.

அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் போட்ட கணக்குல ஒரு தப்பும் இல்லை.

ரெண்டு மணி நேரம் அந்த வீடு இழவு வீடா இருந்திருக்கு. பந்தலுக்கு ஆள் அனுப்பியாச்சு. உடம்பைக் கொண்டு வர யாரைப் பார்க்கணும்னு ஒரு கூட்டம் கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பத் தயாரா நிக்குது. அழுது அழுது அந்தம்மா மயக்கம் போட்டு விழுந்ததுலதான் என்கிட்ட வந்தாங்க.

போனை வாங்கிப் படிச்சேன். "அம்மா, உங்க புள்ள சாகலை. இப்ப நீங்க விழுந்தீங்கல்ல, அதே மாதிரி அவனும் மயக்கம் போட்டு விழுந்திருக்கான். அவ்வளவுதான்"னு சொன்னேன்.

ஒரு சத்தம் கிளம்புச்சு பாருங்க. அழுகையா சிரிப்பான்னு சொல்ல முடியாத சத்தம்.

'அவ்வளவுதான்'னு நான் சொன்னது முழு உண்மை இல்லை. டாக்டருக்குத் தெரியும், வெயில்ல வேலை பார்க்குற ஒருத்தன் சைட்டுல விழுந்தான்னா அது சாதாரண மயக்கமாவும் இருக்கலாம், வெப்ப வாதமாவும் இருக்கலாம், மேல இருந்து விழுந்து தலையில அடிபட்டதாவும் இருக்கலாம். மெசேஜ் வந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுக்கலை. மறுபடியும் கூப்பிட்டேன். டப்பாவுல சாம்பார் சாதம் ஆறிக் கிடக்கு. அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் என் மூஞ்சியைக் காட்டாம இருக்க ஏதோ எழுதுற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் கழிச்சு அடுத்த மெசேஜ். 'ஹி கேம் ரவுண்ட் ஆல்ரெடி. ஆன் ட்ரிப்.'

நான் படிக்கிறதுக்குள்ள அந்தத் தம்பி எட்டிப் பார்த்துட்டு, இந்தத் தடவை சந்தோஷமா, "ரவுண்டு அடிச்சுட்டு வந்துட்டானாம்! ட்ரிப் போயிருக்கானாம்!"னு கத்தினான்.

'கம் ரவுண்ட்'னா மயக்கம் தெளியுறது. நினைவு திரும்புறது. 'கம் டு'ன்னும் சொல்வாங்க. ட்ரிப்னா குளுக்கோஸ் ஏத்துறது. சொன்னதும் ஒரு பாட்டி, "இதை மொதல்லயே மயக்கம்னு எழுதித் தொலைய வேண்டியதுதானே கட்டையில போறவன்"னு அந்த முகம் தெரியாத கம்பெனி ஆளைத் திட்டிட்டு டாடா ஏஸ்ல ஏறினாங்க.

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. மயக்கத்துக்கு ஆங்கிலத்துல 'ஃபெயின்ட்' இருக்கு. எங்க பாஷையில 'சிங்கப்பி'ன்னு இருக்கு. எதுக்கு 'பாஸ் அவுட்'?

எனக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நானே இதுல அடி வாங்கியிருந்தேன். அந்தக் கதையையும் சொல்லிடுறேன்.

நான் அன்னவாசல் பக்கத்து கிராமம். பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். எம்பிபிஎஸ் முதல் வருஷம் உடற்கூறு புத்தகத்தையும் அகராதியையும் ஒண்ணா வெச்சுக்கிட்டுப் படிச்ச ஆள். அஞ்சரை வருஷத்துல ஆங்கிலம் வந்துருச்சுன்னு ஒரு தைரியம். சிங்கப்பி, எமிசிஸ், எடிமா, அனோரெக்சியா எல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தத் தைரியத்துல இங்கிலாந்துல வேலை பார்க்க பிளாப் பரீட்சை எழுதினேன். முதல் தாள் எழுத்துத் தேர்வு. ரெண்டாவது தேர்வுக்கு மான்செஸ்டர் போகணும். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் குடுத்தார்.

அந்தத் தேர்வு எப்படின்னா, வரிசையா சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொண்ணுலயும் நோயாளியா நடிக்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். எட்டு நிமிஷம். பேசி, என்னன்னு கண்டுபிடிச்சு, அடுத்து என்ன செய்யணும்னு சொல்லணும். மணி அடிச்சா அடுத்த அறை.

ஒரு அறையில அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். "ஐ ஹாவ் கான் ஆஃப் மை ஃபுட், டாக்டர்"னார்.

'கான் ஆஃப்' எனக்குத் தெரியுமே! 'மில்க் ஹாஸ் கான் ஆஃப்'னா பால் கெட்டுப் போச்சு. தங்கியிருந்த வீட்ல அன்னிக்குக் காலையிலதான் அந்தச் சொல்லைக் கத்துக்கிட்டேன். அப்போ இவர் கெட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கார். நான் விடாம கேட்டேன். என்ன சாப்பிட்டீங்க, எங்க சாப்பிட்டீங்க, கூடச் சாப்பிட்டவங்களுக்கும் வயித்தால போச்சா? பாவம் அந்த நடிகர். எல்லாத்துக்கும் 'இல்லை, இல்லை'ன்னு தலையாட்டுறார். நடுவுல தன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துக் காட்டினார். எனக்கு உறைக்கலை. மணி அடிச்சுருச்சு.

அன்னிக்கு ராத்திரி கூடத் தங்கியிருந்த கேரளத்து டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. பால் 'கான் ஆஃப்'னா கெட்டுப் போச்சு. ஆள் 'கான் ஆஃப் ஃபுட்'னா சாப்பாடு பிடிக்காமப் போச்சு. பசியில்லை. அறுபது வயசு, பசியில்லை, சட்டை லூசாகுது. வயித்துப் புற்றுநோயா இருக்குமோன்னு யோசிச்சு, எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு, முழுங்கக் கஷ்டமா இருக்கா, மலம் கறுப்பாப் போகுதான்னு கேட்டு, தாமதிக்காம எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பியிருக்கணும். நான் அவரை ஓஆர்எஸ் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

மத்த அறைகள் காப்பாத்தி மொத்தத்துல பாஸ் ஆயிட்டேன். அந்த ஒரு அறையில மட்டும் ஃபெயில். நடிகர் எழுந்து தன் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனா அவர் நடிகரா இல்லாம இருந்திருந்தா? இன்னிக்கும் யாராவது பெரியவர் வந்து "சாப்பாடே எறங்க மாட்டேங்குது தம்பி"ன்னு சொன்னா எனக்கு அந்தச் சட்டைக் காலர்தான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனதால அங்க வேலைக்குச் சேராம ஊருக்கே திரும்பிட்டேன். அது வேற கதை.

திரும்பி வந்தப்புறம், எழுபதுகள்ல இங்கிலாந்துல வேலை பார்த்துட்டு வந்து இங்க செட்டில் ஆன ஒரு மூத்த மருத்துவரைப் பார்க்கப் போனேன். கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு உள்ள போய் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டு வந்தார். ஜாய் பார்க்கின்சன்னு ஒரு அம்மா, வெளிநாட்டு டாக்டர்களுக்காக எழுதின ஆங்கிலக் கையேடு. முதல் பதிப்பு 1969. நோயாளிங்க பேசுற பேச்சு வழக்கு, இந்த மாதிரி ரெண்டு சொல் சேர்ந்து வர்ற வினைகள் எல்லாம் அதுல இருக்கு. போறதுக்கு முன்னாடி குடுத்திருக்கலாமே சார்னேன். "நீ கேட்டியா?"ன்னார்.

1969லயே புத்தகம் போட வேண்டிய அளவுக்கு இது பிரச்சினையா இருந்திருக்கு பாருங்க. நான் ஒருத்தன்தான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நிம்மதி.

அப்புறம் 2018ல, இங்கிலாந்து ராயல் காலேஜ்கள் எல்லாம் சேர்ந்த அகாடமி அவங்க டாக்டர்களுக்கே ஒரு வழிகாட்டி போட்டாங்க. கடிதத்தை இன்னொரு டாக்டருக்கு எழுதாதீங்க, நேரா நோயாளிக்கே, அவருக்குப் புரியுற ஆங்கிலத்துல எழுதுங்கன்னு. ஆங்கிலேயருக்கே டாக்டர் ஆங்கிலம் புரியலை!

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. சுருக்கமா சொல்றேன். ஆங்கிலம் ரெண்டு அடுக்கு மாடி வீடு. கீழ் வீட்ல பழைய நாட்டுச் சொற்கள். கம், கோ, புட், ஃபால், பிரிங், அப், டவுன், அவுட், ஆஃப். 1066ல நார்மண்டிக்காரங்க வந்து ஆட்சியைப் பிடிச்சதுக்கப்புறம் மாடியில பிரெஞ்சு குடிவந்துச்சு. லத்தீனும் கிரேக்கமும் படிச்சவங்க வழியா வந்து சேர்ந்துச்சு. மருத்துவம் மாடியில படிச்சது. வலி கீழ் வீட்ல இருக்கு. நம்மளை மாதிரி வெளியூர்க்காரங்க நேரா மாடிப்படி ஏறிப் போயிட்டோம், கீழ் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை. (அடுக்குக்கும் விதிவிலக்கு உண்டு. 'பாஸ்' பிரெஞ்சுல இருந்து வந்ததுதான். கீழ வந்து குடியேறிருச்சு.)

சரி, இதை எப்படிக் கத்துக்கறது? நெட்ல போனா பட்டியல் பட்டியலா கிடைக்கும். மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன். மூணாம் நாள் எல்லாம் காலி.

வழி காட்டினது எங்கம்மா. 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் வந்துச்சே, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, பொம்பளைங்க எல்லாம் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்களே, அந்தக் கூட்டத்துல எங்கம்மாவும் ஒருத்தர். அந்த வகுப்பைப் பத்திச் சொல்லும்போது அம்மா சொல்வாங்க: "ஆனா ஆவன்னான்னு ஆரம்பிச்சிருந்தா ஓடி வந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்தையில இருந்து ஆரம்பிச்சாங்க."

அதைப் பிடிச்சுக்கிட்டேன். நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சது என்ன?

தமிழ்ல நோயாளி எப்படிப் பேசுறார்னு ஒரு வாரம் ஓபியில காதைத் தீட்டி வெச்சுக்கிட்டுக் கேட்டேன். எழுதியும் வெச்சேன். ஆச்சரியம் என்னன்னா, நாமளும் அதையேதான் செய்யுறோம். போடு, எடு, விடு, போ, வா, அடி, இறங்கு, ஏறு. இந்தச் சின்ன வினைகளை வெச்சுத்தான் மொத்த உடம்பையும் பேசுறோம்.

வாந்தி எடுக்குறோம். எங்க இருந்து எடுக்குறோம்? மயக்கம் போடுறோம். யார் மேல போடுறோம்? காய்ச்சல் அடிக்குது, காய்ச்சல் விடுது. 'கல்யாணத்துக்கப்புறம் உடம்பு போட்டுருச்சு'ன்னு சொல்றோம். ஆங்கிலத்துலயும் அதே 'போடு'தான்: 'புட் ஆன் வெயிட்'. ஆபரேஷனைத் 'தள்ளிப் போடு'றோம். அவங்க 'புட் ஆஃப்'. ஆஃப்னா தள்ளி. வார்த்தைக்கு வார்த்தை அதேதான்! 'கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு'ன்னு நம்ம பாட்டி சொல்றதை அவங்க பாட்டி 'பிளாக் அவுட்'ங்கிறாங்க. இருட்டு ரெண்டு ஊர்லயும் ஒரே நிறம்.

'முட்டி வேலையைக் காட்டுது தம்பி'ன்னு ஒரு தாத்தா சொன்ன அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியலை. ஆங்கிலத்துல 'மை நீ இஸ் பிளேயிங் அப்'. விளையாட்டு காட்டுது. இதை விடச் சரியா எந்த அகராதியும் சொல்லாது.

எல்லாத்துக்கும் இப்படி ஜோடி கிடைக்கும்னு நினைச்சுராதீங்க. சில இடத்துல காலை வாரிவிடும். 'ஸ்வெல்லிங் ஹாஸ் கான் டவுன்'னா வீக்கம் வத்திருச்சு, நல்ல சேதி. 'ஹி ஹாஸ் கான் டவுன் வித் ஃப்ளூ'ன்னா காய்ச்சல்ல படுத்துட்டான், கெட்ட சேதி. ரெண்டுலயும் 'டவுன்'. 'ஷி இஸ் பிக்கிங் அப்'னா தேறி வர்றாங்க. 'ஷி பிக்டு அப் அன் இன்ஃபெக்ஷன்'னா நோயைத் தொத்திக்கிட்டாங்க. அதே 'பிக் அப்'தான், ஆனா ஒண்ணு வீட்டுக்கு அனுப்பும், ஒண்ணு வார்டுலயே வெச்சுக்கும்.

'புட் அண்டர்'னா அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து குடுத்துத் தூங்க வைக்கிறது. 'புட் டவுன்'னா பிழைக்காத நாயை, குதிரையை ஊசி போட்டுச் சாகடிக்கிறது. ஒரு சொல் மாறினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நோயாளியோட மகள்கிட்ட 'உங்கப்பாவை நாளைக்குக் காலைல புட் டவுன் பண்ணப் போறோம்'னு நீங்க சொல்லிட்டு நிக்குறீங்க.

டாக்டர்கள் கவனிக்க வேண்டிய இன்னொண்ணு. 'ஐ ஹாவ் கட் டவுன்'னு ஒருத்தர் சொன்னா சிகரெட்டைக் குறைச்சிருக்கார். 'கிவன் அப்'னா விட்டுட்டார். நம்மாளுங்களும் "இப்பல்லாம் இல்ல சார்"னுதான் சொல்வாங்க, சட்டைப் பையில தீப்பெட்டி இருக்கும். குறைச்சதா விட்டதான்னு ரெண்டாவது தடவை கேட்கணும்.

மாத்திரைக்கும் வருவோம். 'ஐ ரேன் அவுட் ஆஃப் டேப்லெட்ஸ்'. மாத்திரையோட யாரும் ஓடலை. தீர்ந்து போச்சு. வெளிநாட்டுல இருக்குற சர்க்கரை நோயாளிங்க, பிரஷர் நோயாளிங்க இந்த ஒரு வரியை மட்டுமாவது வாயில வர வெச்சுக்கோங்க. ஊர்ல இருந்து மூணு மாச மாத்திரை கொண்டு போய், தீர்ந்ததும் சொல்லக் கூச்சப்பட்டு நிறுத்திட்டு, லீவுல வரும்போது காலில் புண்ணோட வந்து நிக்குறவங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

பெரிய வார்த்தைக்கு வர்றேன். 'பாஸ் அவுட்' மயக்கம். 'பாஸ் அவே' மரணம். 'பாஸ் ஆன்' நோயை அடுத்தவருக்குத் தொத்த வைக்கிறதுக்கும் சொல்வாங்க, சாவுக்கும் சொல்வாங்க. ஏன் இப்படிக் குழப்புறாங்கன்னு கோபம் வரும். ஆனா நம்ம கதை என்ன? "பெரியவர் தவறிட்டார்"ங்கிறோம். ஊருக்குப் புதுசா வந்தவன் பெரியவர் ஏதோ தப்பு பண்ணிட்டார்னு நினைப்பான். "போயிட்டார்"ங்கிறோம். எங்க போனார், எப்ப வருவார்னு கேட்பான். சாவை நேராச் சொல்ல எந்த ஊர்லயும் வாய் வர்றதில்லை.

இது வெள்ளைக்காரன் பாஷையோட பிரச்சினை மட்டுமில்லைன்னு எனக்குப் புரிஞ்சது அதுக்கப்புறம்தான். ஒரு மருத்துவமனையில என்னோட ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி வேலை பார்த்தார். பெரிய நகரத்துல பிறந்து வளர்ந்தவர், நல்ல கெட்டிக்காரர். வீட்லயும் ஆங்கிலம். ராத்திரி ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. "பிள்ளைக்கு உரம் விழுந்திருச்சு சார்."

தம்பி பதறிட்டார். யூரியாவா, பொட்டாஷா, எவ்வளவு விழுந்துச்சு, வாயில போச்சான்னு கேட்டு, வயித்தைக் கழுவுற அளவுக்குப் போயிட்டார்.

சிரிக்காதீங்க. நான் மான்செஸ்டர்ல பண்ணினதும் இதேதான். பச்சப்பிள்ளை கழுத்தைத் திருப்பாம, பால் குடிக்காம, வீல் வீல்னு அழுதா நம்ம ஊர்ல உரம் விழுந்திருச்சும்பாங்க. (சேலையில போட்டு உருட்டி உரம் எடுக்கிறேன்னு மட்டும் கிளம்பிராதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.) அதே அம்மா அடுத்து சொன்னாங்க, "நாலு தடவை பீச்சிருச்சு, உச்சியும் குழி விழுந்திருச்சு." அந்த வரியில மொத்த நோயும் இருக்கு. வயித்துப்போக்கு, நீர்ச்சத்து குறைஞ்சு உச்சிக்குழி உள்வாங்கியிருக்கு. பாடப் புத்தகத்துல அரைப் பக்கம் இருக்கிறதை அந்தம்மா ஒரு மூச்சுல சொல்லிட்டாங்க. கேட்கத்தான் காது வேணும்.

1847ல அமெரிக்காவுல இருந்து யாழ்ப்பாணம் வந்தார் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு டாக்டர். மானிப்பாயில மருத்துவமனை நடத்தி, உள்ளூர் பிள்ளைங்களுக்கு மருத்துவம் சொல்லிக் குடுத்தார். முதல்ல ஆங்கிலத்துல. அப்புறம் 1860கள்ல தமிழுக்கே மாறி, புத்தகங்களையும் தமிழ்ல கொண்டு வந்துட்டு 1873ல ஊர் திரும்பினார். வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தர் அந்தக் காலத்துல கீழ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கார். நமக்கு என்ன வலிக்குது?

சரி, முதல் கதைக்கு வர்றேன்.

அந்தச் சிங்கப்பூர் பையன் பிழைச்சுட்டான். வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பார்த்ததுதான் காரணம். நாலு நாள்ல மறுபடி வேலைக்குப் போயிட்டான். அவனுக்கு ஒரு தங்கச்சி. சம்பவம் நடந்தப்போ திருச்சியில நர்சிங் படிச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல இருந்திருக்கு. லீவுல வந்து என்னைப் பார்த்துச்சு. "சார், அன்னிக்கு நான் வீட்ல இருந்திருந்தாலும் அந்த மெசேஜைத் தப்பாத்தான் சார் படிச்சிருப்பேன். நானும் வெளிநாடு போகணும். எனக்குச் சொல்லிக் குடுங்க."

அப்படி ஆரம்பிச்சதுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. என் வீட்டுத் திண்ணை, ஒரு கரும்பலகை. நர்சிங் முடிச்ச பிள்ளைங்க நாலு, சிங்கப்பூர் போற பசங்க ரெண்டு, அந்தப் பாலிடெக்னிக் தம்பியும் வந்தான். நர்சிங் பிள்ளைங்களுக்கு ஓஇடி பரீட்சை. அதுல பேச்சுத் தேர்வே நோயாளியா நடிக்கிறவரோட பேசுறதுதான். நோயாளிக்குப் புரியுற மாதிரி பேசுறாங்களான்னும் பார்த்து மதிப்பெண் போடுவாங்க. முதல்ல பிள்ளைங்க தமிழ்ல நோயாளியா நடிப்பாங்க. "நெஞ்சைக் கரிக்குது, ஏப்பமா வருது, நேத்து ராத்திரி எல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன்." அப்புறம்தான் ஆங்கிலம். எங்கம்மா உள்ள இருந்து காபி கொண்டு வரும்போது ஒரு வாய்ச்சொல்லையும் சேர்த்துக் குடுத்துட்டுப் போவாங்க.

பசங்களுக்கு அதை விட எளிமை. போன் வந்தா கேட்க வேண்டிய மூணு கேள்வி. 'இஸ் ஹி அவேக்?' முழிச்சிருக்கானா? 'இஸ் ஹி ப்ரீத்திங்?' மூச்சு இருக்கா? 'விச் ஹாஸ்பிடல்?' இது மூணும் தெரிஞ்சா மீதியை அப்புறம் பார்த்துக்கலாம். வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருக்குற எல்லாரும் சுவத்துல எழுதி ஒட்டி வைங்க. அங்க இருக்குறவங்க ஆம்புலன்ஸ் நம்பரையும் போன்ல போட்டு வெச்சுக்கோங்க. சிங்கப்பூர்னா 995, இங்கிலாந்துன்னா 999, சவூதின்னா 997, துபாய் பக்கம் 998.

அந்தத் தங்கச்சி பரீட்சை பாஸ் பண்ணி அயர்லாந்து போயிருச்சு. ஒரு முதியோர் இல்லத்துல வேலை. போன மாசம் விடியக்காலையில ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுமதி வாங்கித்தான் இங்க எழுதுறேன்.

நைட் டூட்டி. தொண்ணூறைத் தாண்டின ஒரு பாட்டி. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை. ராத்திரி இது கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐ ஃபீல் ஐ அம் ஸ்லிப்பிங் அவே, லவ்"னு சொல்லியிருக்காங்க. கூட டூட்டியில இருந்த புதுப் பொண்ணு, ஸ்லிப்னா வழுக்குறதுதானே, பாட்டி கட்டில்ல இருந்து வழுக்கி விழப் போறாங்கன்னு ஓடிப் போய் பக்கவாட்டுக் கம்பியை ஏத்திவிட்டிருக்கு.

"எனக்குப் புரிஞ்சிருச்சு சார். கம்பியை இறக்கிவிட்டுட்டு, நர்ஸ் இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டு, மகளுக்கு போன் போட்டேன். அவங்க ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தாங்க. பாட்டி அவங்களைப் பார்த்தாங்க சார். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. காலைல ஆறு மணிக்குத்தான் போனாங்க."

அந்த ஞாயித்துக்கிழமை கரும்பலகையில 'ஸ்லிப் அவே'ன்னு எழுதிட்டு, இதுக்குத் தமிழ்ல என்ன சொல்வோம்னு கேட்டேன். பிள்ளைங்க யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. காபி டம்ளரை எடுக்க வந்த எங்கம்மா, "அடங்கிட்டு வருது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.